மீன் தொட்டியும் ஒரு வரி ரிப்போர்ட்டும்

போன வாரம், என்னிடம் தொழில் கற்றுப் போன உங்களில் ஒருவர் என் வீட்டுக்கு வந்து, தான் எழுதிய சர்வீஸ் ரிப்போர்ட் ஒன்றைக் காட்டினார். பெயரைச் சொல்ல மாட்டேன். இதைப் படிக்கும்போது அவருக்கே காது சுடும். ஒரு கல்யாண மண்டபத்தில் குடிதண்ணீருக்கான ஆர்.ஓ. மெஷின் கெட்டுப் போயிருக்கிறது. பழுதுக்கான காரணம் என்ற கட்டத்தில் ‘உபயோகிப்பாளர் தவறு’ என்று இரண்டே வார்த்தை. மணி மணியான கையெழுத்து வேறு. “யாருப்பா அந்த உபயோகிப்பாளர்?” என்று கேட்டேன். “அங்க ஒரு வாட்ச்மேன் இருக்காரு சார். அவருதான் சுவிட்ச் போடுவாரு” என்றார். “அவரு என்ன தப்புப் பண்ணுனாரு?” என்றேன். அவர் தாளை மடித்துப் பைக்குள் வைக்கப் பார்த்தார்.

திட்டிவிட்டேன். கொஞ்சம் அதிகமாகவே திட்டிவிட்டேன். என் வீட்டுக்காரி உள்ளேயிருந்து வந்து, “வந்த புள்ளைக்கு ஒரு வாய் காப்பி குடுக்கதுக்குள்ள என்ன கத்து கத்துதீக” என்று என்னை அதட்டும்படி ஆயிற்று. அவர் போன பிறகு யோசித்துப் பார்த்தால், அந்தக் கோபத்தில் பாதி அவர் மேல் வந்ததே இல்லை. கிட்டத்தட்ட அதே மாதிரி ஒரு வரியை நானும் ஒரு காலத்தில் எழுதியிருக்கிறேன். அதனால் ஒரு பெண்ணுக்கு வேலை போயிற்று. அந்தக் கதையை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். திட்டுவது சுலபம் என்பதால் திட்டி அனுப்பிவிட்டேன். இப்போது உங்கள் எல்லாருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன்.

ராஜபாளையத்து மில்களில் பாய்லருக்குப் போகிற தண்ணீரைப் பதப்படுத்தும் மெஷின்களைப் பழுது பார்ப்பதுதான் எண்பதுகளில் என் பிழைப்பு. உப்புத் தண்ணீரை நல்ல தண்ணீர் ஆக்கத்தான் என்னைக் கூப்பிடுவார்கள். தண்ணீரை உப்பாகவே வைத்திருக்கச் சொல்லி ஒருவர் கூப்பிட்டது தொண்ணூறுகளின் தொடக்கத்தில்தான். எங்கள் ஊரில் குழந்தைகளுக்கென்று ஒரு நர்சிங் ஹோம் நடத்திய டாக்டரம்மா அவர். ஊசி என்றதும் கதறுகிற பிள்ளைகள் கொஞ்ச நேரமாவது வாயை மூடட்டும் என்று, நோயாளிகள் உட்காரும் ஹாலில் ஐந்தடி நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி வைத்து அதில் கடல் மீன் விட வேண்டும் என்று ஆசைப்பட்டார்.

எனக்கு மீன் என்றால் குழம்பு என்ற அளவில்தான் பழக்கம். ஆனால் தண்ணீர் என்று யாராவது சொல்லிவிட்டால் தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஒப்புக்கொண்டேன். தூத்துக்குடியிலிருந்து உப்பு ஏற்றி வருகிற லாரியில் கடல் தண்ணீரைக் கேன்களில் வரவழைத்தோம். அதே லாரியில் பத்து மீன்கள் வந்தன. தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய மிச்சத் தண்ணீரில் உப்பு ஏறிவிடும் அல்லவா, அதை ஈடுகட்ட உப்பே இல்லாத தண்ணீர் தயாரிக்கச் சின்னதாக ஒரு மெஷின் வைத்தேன். தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு வடிகட்டிப் பெட்டி. அடியில் மணல், அதன் மேல் கரி, எல்லாவற்றுக்கும் மேலே நாலு மடிப்புத் துணி. மோட்டார் தண்ணீரை இழுத்து இதன் வழியாக விட்டு மறுபடி தொட்டிக்கே அனுப்பும்.

அந்த நாலு மடிப்புத் துணியில்தான் கதை இருக்கிறது. அதற்கென்று செய்த பஞ்சு மெட்ராஸிலிருந்து வர வேண்டும். எழுதிப் போட்டால் ஒரு மாதம் ஆகும். எங்கள் ஊரில் அதற்குப் போய் யார் காத்திருப்பார்கள்? ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி இல்லாத வீடு கிடையாது. ஊரில் பாதிப் பேர் அதை நெய்தோ, வெளுத்தோ, சுருட்டிப் பாக்கெட் போட்டோ பிழைத்தவர்கள். தயிரைக் கட்டித் தொங்கவிட அதுதான், காப்பி வடிகட்ட அதுதான், ஜன்னலில் கொசுவுக்கு அடிப்பதும் அதுதான். எந்தத் தேசத்தில் யாருக்கு அடிபட்டாலும் கட்டுப் போடுவது நம்ம ஊர்த் துணி என்று டீக்கடையில் பேசிக்கொள்வோம். எனக்குத் தெரிந்த ஒரு பட்டறையிலிருந்து ஒரு பெட்டி நிறைய வாங்கி வந்து நர்சிங் ஹோமில் வைத்துவிட்டேன். வாரம் ஒரு முறை துணியை மாற்ற வேண்டிய பொறுப்பு அங்கே வேலை பார்த்த ஆயாவுடையது.

அந்த ஆயா என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். தரை துடைப்பார், பெட்ஷீட் மாற்றுவார், வாந்தி எடுக்கிற பிள்ளைக்குத் தலையைப் பிடிப்பார். இவ்வளவுக்கும் நடுவில் அந்தத் தொட்டி அவருக்கு உயிர். கடலை அவர் பார்த்ததே இல்லை. ஆனால் பத்து மீனுக்கும் பத்து குணம் சொல்வார். “இந்தக் கருப்புப் பட்டக்காரன் இருக்கானே தம்பி, இவன் ஒருத்தன் தின்னா போதும்னு நெனைக்கான். அந்தா மூலையில நிக்கில்ல மஞ்சளு, அது வாயில்லாப் பூச்சி, அதுக்கு நாந்தான் தனியாப் போடணும்.” நான் ம் என்று கேட்டுக்கொண்டே ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருப்பேன். இரண்டு வருஷம் ஒரு மீன்கூடச் சாகவில்லை. எல்லாம் என் மெஷினின் திறமை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டர் வந்து பார்த்துவிட்டு, தனக்கும் அதே மாதிரி ஒரு தொட்டி வேண்டும் என்று கேட்டிருந்தார். எனக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் இருந்தது.

மூன்றாவது வருஷக் கோடை. ஊரே குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தது. ஒரு சனிக்கிழமை சர்வீஸுக்குப் போனால், பின்பக்கம் ஆயா ஒரு பக்கெட்டில் புதுப் பேண்டேஜ் துணியைப் போட்டு அலசிக்கொண்டிருந்தார். எனக்கு வந்ததே கோபம்.

“ஏம்மா, தண்ணிக்கு ஊரே நாயா அலையுது. நீ என்ன புதுத் துணியப் போட்டு அலசிக்கிட்டிருக்க?”

“புதுத் துணிய அலசாம எப்பிடித் தம்பி போடுறது? பொறந்த புள்ளைக்கே புதுத் துணி சுத்த மாட்டோம். பழஞ்சேலையத் தொவச்சுக் கிழிச்சுத்தான சுத்துவோம். இதுகளும் பச்சப்புள்ள மாதிரிதான.”

“இது என்ன பழஞ்சேலையா? ஆபரேசன் பண்ணுன வயித்துக்குள்ள வைக்கிற துணி. பாக்கெட்ட ஒட்டி சீல் வச்சு வருது. உன் பக்கெட்டுத் தண்ணியில முக்குனா அதுல இருக்க சுத்தம் எல்லாம் போயிரும்.”

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நான் அந்த ஈரத் துணியை வாங்கி ஓரமாகப் போட்டேன். கையைக் கழுவிக்கொண்டு, புதுப் பாக்கெட் ஒன்றைப் பிரித்து, துணியை நானே பெட்டியில் விரித்தேன். இனிமேல் இப்படித்தான் போட வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை காலை போன் வந்தது. போய்ப் பார்த்தால் ஏழு மீன் செத்து மிதந்தது. மூன்று மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடிக்கொண்டிருந்தன. தொட்டி ஓரமெல்லாம் விரல் கனத்துக்கு நுரை. ஹால் முழுக்கப் பினாயில் வாடை. திங்கட்கிழமை என்பதால் கூட்டமும் அதிகம். காய்ச்சல் பிள்ளைகள் எல்லாம் அழுகையை விட்டுவிட்டு மிதக்கிற மீனைப் பார்த்துக்கொண்டிருந்தன. அந்த நர்சிங் ஹோமின் மேனேஜர் எனக்கு முன்னாலேயே தீர்ப்பு எழுதி வைத்திருந்தார்.

“நேத்து சாயங்காலம் இவ தொட்டி வச்சிருக்க மேடையத் தொடைக்கிறத நானே பார்த்தேன். பினாயில் பக்கெட்டும் பக்கத்துலதான் இருந்துச்சு” என்றார்.

ஆயா கையில் தரை துடைக்கிற கட்டையோடு நின்றிருந்தார். “மேடைய வெறும் ஈரத்துணி வச்சுத்தான் தொடச்சேன் சார். பினாயிலு தரைக்கு மட்டுந்தான். அது ஒரு சொட்டு விழுந்தாலும் தண்ணி பாலா வெளுத்துப் போகும்ல. இது கண்ணாடி மாதிரி கெடக்கு. நீங்களே பாருங்க தம்பி.”

நான் பார்த்தேன். தண்ணீர் கண்ணாடி மாதிரிதான் கிடந்தது. அவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். பினாயில் தண்ணீரில் விழுந்தால் வெளுக்கும் என்பது தெரியாமலா நான் தண்ணீர் வேலை பார்க்கிறேன்? ஆனால் அந்த நேரத்தில் என் கண் நுரையில் இருந்தது. நுரை என்றால் சோப்பு, சோப்பு என்றால் பினாயில், பினாயில் என்றால் ஆயா. என் மெஷினில் குறை இல்லை. மனசு அந்தப் பாதையில் எவ்வளவு வேகமாக ஓடியது என்று இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. ரிப்போர்ட் தாளை எடுத்து, ‘வெளிக் கலப்பு. துப்புரவுப் பணியில் கவனக்குறைவு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

டாக்டரம்மா ஒரு பிள்ளையைப் பார்த்து முடித்துவிட்டு வெளியே வந்து அதை வாசித்தார். “நிச்சயமாத் தெரியுமா?” என்று கேட்டார். “வேற எதுவும் இருக்க முடியாது டாக்டர்” என்றேன். இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். அவர் கேட்டது ஒன்று, நான் சொன்னது வேறொன்று. எனக்கு நிச்சயமாகத் தெரியாது. அதைச் சொல்ல ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தை எனக்கு வரவில்லை.

டாக்டரம்மா அடுத்த பிள்ளையைப் பார்க்க உள்ளே போனார். மேனேஜர் அவ்வளவு பேருக்கும் கேட்கிற மாதிரி, “நாளையில இருந்து நீ வர வேண்டாம்” என்றார். ஆயா கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு, செத்த மீன்களை ஒவ்வொன்றாக ஒரு காகிதத்தில் எடுத்து வைத்தார். அதைக் கையால் தொடாதே என்று அதற்கும் மேனேஜர் சத்தம் போட்டார்.

மிச்சம் மூன்று மீனையும், முன்னால் வந்த கேன் ஒன்றில் மிச்சமிருந்த கடல் தண்ணீரை ஒரு பக்கெட்டில் ஊற்றி அதில் விட்டு, காற்று மோட்டார் ஒன்றை மாட்டினேன். வியாழக்கிழமை லாரியில் புதுத் தண்ணீர் வந்தது. தொட்டியைக் காலி செய்து, மணலையும் கரியையும் மாற்றி, பெட்டியில் புதுத் துணி விரித்து, எல்லாம் முதலிலிருந்து செய்தேன். பினாயில் அந்த ஹாலுக்குள்ளேயே வரக் கூடாது என்று உத்தரவு. வெறும் தண்ணீரில்தான் தரை துடைத்தார்கள். வெள்ளிக்கிழமை மூன்று மீனையும் தொட்டியில் விட்டேன். டாக்டரம்மா பக்கத்தில் நின்று பார்த்தார். “இன்னொரு தடவை இந்தப் பிள்ளைங்க முன்னாடி மீன் செத்து மிதக்கக் கூடாது. அப்படி ஆனா தொட்டியை எடுத்துடலாம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை காலை போனேன். நுரை. மூன்றும் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. கருப்புப் பட்டைக்காரன் ஒருச்சாய்ந்து கிடந்தான்.

மூன்றையும் அள்ளிப் பழைய பக்கெட்டுக்கே மாற்றினேன். ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். மெல்ல நிமிர்ந்தன. நீந்த ஆரம்பித்தன. பக்கெட்டில் நாலு நாள் சௌக்கியமாக இருந்த மீன் தொட்டிக்குப் போனால் ஒரே ராத்திரியில் சாகப் பார்க்கிறது. ஹாலில் பினாயில் இல்லை, ஆயாவும் இல்லை. அப்படியானால் விஷம் நான் கட்டின ஏதோ ஒன்றில்தான் இருக்கிறது. எது என்று தெரியவில்லை. ஆனால் யார் இல்லை என்பது தெரிந்துவிட்டது.

மீதி இருந்தது இரண்டு கேன் கடல் தண்ணீர். அடுத்த லாரிக்கு நாலு நாள். இந்தத் தொட்டியை இரண்டு வருஷம் சாகாமல் பார்த்துக்கொண்ட ஒரே ஆளிடம் போய்க் கேட்பதைத் தவிர வேறு வழி இல்லை. நர்ஸிடம் இடம் கேட்டுக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன்.

பள்ளிவாசலுக்குப் பின்னால் என்று நர்ஸ் சொன்ன தெருவில், கயிறும் வாளியும் விற்கிற கடை ஒன்று இருந்தது. கடைக்காரப் பாயிடம் விசாரித்தேன்.

“பேரு என்ன?” என்று கேட்டார்.

எனக்குப் பெயர் தெரியவில்லை. இரண்டு வருஷம். வாரம் தவறாமல் பார்த்த முகம். “ராஜபாளையத்துல நர்சிங் ஹோம்ல வேலை பார்க்குற ஆயா” என்று இழுத்தேன்.

“பேரு தெரியாம யாரத் தேடுதீக?” என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டு, “மீனக் கொன்னுட்டான்னு வேலைய விட்டு நிப்பாட்டுனாகளே, நம்ம சைனம்பா?” என்றார்.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். ராஜபாளையத்தில் நான் எழுதிய ஒரு வரி, ஐந்து நாளில் பஸ் ஏறி இந்தக் கடை வரைக்கும் வந்துவிட்டிருந்தது.

சைனம்பு அக்கா வாசலில் உட்கார்ந்து, தீப்பெட்டிக் கம்பெனிக்காக, பள்ளம் வெட்டிய கட்டையில் தீக்குச்சி அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கை நின்றது.

“மூணும் உசுரோட இருக்கா?” என்று கேட்டார்.

“இருக்குக்கா. பக்கெட்டுல விட்டிருக்கேன்.”

“அந்த மஞ்சளு?”

“அதுவும் இருக்கு.”

அதற்குப் பிறகுதான் அவர் முகம் மாறியது. “நீங்க என்ன எழுதிக் குடுத்தீகன்னு நர்ஸ் வாசிச்சுச் சொல்லிச்சு. எம்மவ எட்டாவது படிக்கா. பள்ளிக்கூடத்துல கேக்காகளாம், உங்கம்மாதான் மீனுக்கு வெசம் வச்சுச்சான்னு. ரெண்டு நாளா போக மாட்டேன்னு உள்ள படுத்துக் கெடக்கா. இன்னொரு ஆசுபத்திரியில போயி வேல கேட்டா, ஓ அந்த மீனு பொம்பளையாங்காக.” கட்டையில் இன்னும் இரண்டு குச்சி அடுக்கினார். “சரி. வந்த காரியத்தக் கேளுங்க. மீனு என்ன பாவம் பண்ணுச்சு.”

எனக்கு உட்காரத் தோன்றவில்லை. நின்றுகொண்டே கேட்டேன். தொட்டிக்கு என்னென்ன செய்வீர்கள், ஒன்று விடாமல் சொல்லுங்கள் என்றேன். அவர் சொல்லச் சொல்ல எல்லாம் நானும் செய்ததுதான். தண்ணீர் அளவு பார்ப்பது, கண்ணாடி துடைப்பது, தீனி. “பொறவு துணி மாத்துவேன். அத நாலஞ்சு தண்ணி அலசுவேன், அம்புட்டுதான்.”

“எதுக்கு நாலஞ்சு தண்ணி?”

“நொர நிக்கணும்ல.”

“நுரை வருமா?”

“வராம? மொதத் தண்ணியில பொங்கிக்கிட்டு வரும். இந்தக் கோடையில வந்த பெட்டியில ரொம்பவே வந்துச்சு. அன்னைக்கு அதச் சொல்லத்தான் வாயத் தெறந்தேன். அதுக்குள்ள நீங்கதான் துணியப் புடுங்கிப் போட்டுட்டீகளே.”

என் பையில் அந்தப் பெட்டித் துணிப் பாக்கெட் ஒன்று இருந்தது. ஒரு கண்ணாடி பாட்டில் வாங்கி, தண்ணீர் ஊற்றி, ஒரு துண்டுத் துணியை உள்ளே போட்டுக் குலுக்கினேன். கீழே வைத்தேன். பாட்டிலில் பாதி உயரத்துக்கு நுரை ஏறி, அப்படியே நின்றது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். உள்ளே படுத்திருந்த பெண்ணும் எழுந்து வந்து பார்த்தாள். மன்னிச்சிருங்கக்கா என்று சொன்னேன். அவர் உள்ளே போய், நாலு துணியை மடித்து எடுத்து வந்தார். தண்ணீர்க் கஷ்டம் என்று நான் கத்திய பிறகு, வீட்டுக் கிணற்றில் அலசிக் காயப்போட்டு வைத்திருந்த துணிகள்.

“இதக் கொண்டு போயிப் போடுங்க. மொதல்ல மீனப் பாருங்க. மத்தத பொறவு பேசுவோம்” என்றார்.

பிற்பாடு பட்டறையில் விசாரித்தேன். துணி தண்ணீரை உடனே உறிஞ்ச வேண்டும் என்பதற்காக ஒரு சோப்பு மருந்தில் போட்டு எடுப்பார்கள். அதற்கு அப்புறம் பல முறை அலசி, பாட்டிலில் போட்டுக் குலுக்கி நுரை அடங்கிவிட்டதா என்று பார்த்துத்தான் பாக்கெட் போட வேண்டும். அந்தக் கோடையில் தண்ணீர் இல்லாமல் அலசலைக் குறைத்திருக்கிறார்கள், குலுக்கிப் பார்க்கவும் இல்லை. தயிருக்குத் தெரியாது, காப்பிக்குத் தெரியாது. தண்ணீரிலேயே மூச்சு விடுகிற பிராணிக்குத் தெரிந்துவிட்டது. இதில் பட்டறைக்காரர் மேல் பாதிக் குறை. ஆனால் இரண்டு வருஷமாக அந்தச் சோப்பை ஒரு பக்கெட் தண்ணீரில் கழுவித் தள்ளிக்கொண்டிருந்தவரைத் தடுத்தவன் நான்தான்.

தொட்டியை மறுபடி காலி செய்து கழுவி, மணலையும் கரியையும் மாற்றி, கையில் இருந்த இரண்டு கேன் தண்ணீரை மட்டும் ஊற்றி, பெட்டியில் சைனம்பு அக்கா கொடுத்த துணியை விரித்தேன். தொட்டியில் கால்வாசிகூட நிறையவில்லை. மூன்று மீனுக்கு அது போதும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க நுரை வரவில்லை. திங்கட்கிழமை காலை மூன்றும் தீனிக்கு முட்டி மோதின.

மேனேஜர் வந்து பார்த்துவிட்டு என் முதுகில் தட்டினார். “பழைய பினாயில் எங்கயாவது கல்லுல ஒட்டியிருந்திருக்கும்ப்பா. அவ போனா, இதுவும் போச்சு. அப்படியே எழுதி முடிச்சிரு.”

இப்போது உண்மையைச் சொல்கிறேன். நான் உடனே வாயைத் திறக்கவில்லை. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் திறக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டரின் தொட்டி கையைவிட்டுப் போகும், மில்களில் தெரிந்தால் என்ன நினைப்பார்கள், எனக்கும் குடும்பம் இருக்கிறது என்று மனசு ஏதேதோ சொல்லிக்கொண்டே இருந்தது. மீன்தான் பிழைத்துவிட்டதே என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். ஆனால் சாப்பிட உட்கார்ந்தால் சைனம்பு அக்காவின் மகள் உள்ளேயிருந்து எழுந்து வந்து பாட்டிலைப் பார்த்ததுதான் கண்ணில் நின்றது. அவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

புதன்கிழமை டாக்டரம்மாவின் அறைக்குப் போய், மேஜை மேல் பாட்டிலை வைத்து, அவர் கண் முன்னால் துணியைப் போட்டுக் குலுக்கினேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நுரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். முடித்ததும், “அன்னைக்கு நான் உங்ககிட்ட நிச்சயமாத் தெரியுமான்னு கேட்டேன்” என்றார். கேட்டீங்க டாக்டர் என்றேன். “நீங்க தெரியாதுன்னு சொல்லியிருந்தா நான் ஒண்ணும் நினைச்சிருக்க மாட்டேன். எனக்கும் தினமும் பத்து விஷயம் தெரியாமத்தான் போகுது” என்றார். பிறகு ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். இரண்டாவது ரிப்போர்ட்டை அங்கேயே உட்கார்ந்து எழுதினேன்.

நர்ஸை அனுப்பி சைனம்பு அக்காவை வேலைக்குக் கூப்பிட்டார்கள். அவரிடமிருந்து பதில் வந்தது. நர்ஸ் அதை ஒப்பித்தது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. “வேல வேணும். இல்லன்னு சொல்லல. ஆனா அன்னைக்கு எல்லாரு முன்னாடியுந்தான என்னையச் சொன்னீக. அதே மாதிரி எல்லாரு முன்னாடியும் அந்தத் தாள வாசிக்கச் சொல்லுங்க. எம்மவளக் கூட்டிட்டு வாரேன். அவ கேக்கணும்.”

மேனேஜருக்கு இது பிடிக்கவில்லை. நர்சிங் ஹோமா, பட்டிமன்றமா என்று முணுமுணுத்தார். டாக்டரம்மா அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. வெள்ளிக்கிழமை காலை, கூட்டம் நிறைந்த நேரத்தில், தொட்டிக்குப் பக்கத்தில் நின்று வாசித்தேன். ‘மீன்கள் இறந்ததற்குக் காரணம், வடிகட்டியில் அலசாத துணியை நான் போட்டது. அலச வேண்டும் என்று சொன்ன சைனம்பு அவர்களை நான் தடுத்தேன். அவர்கள் மேல் எந்தத் தவறும் இல்லை. முந்தைய ரிப்போர்ட்டில் நான் எழுதியது பொய்.’ தவறு என்று முதலில் எழுதி, அடித்துவிட்டுப் பொய் என்று எழுதியிருந்தேன். பாதிப் பேருக்கு நான் என்ன வாசிக்கிறேன் என்றே புரியவில்லை. தங்கள் பிள்ளையை எப்போது கூப்பிடுவார்கள் என்று கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேட்க வேண்டியவள் பள்ளிச் சீருடையில் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டாள். முடிந்ததும், “வா, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு” என்று சைனம்பு அக்கா அவளைப் பஸ் ஏற்றிவிடக் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்து, தரை துடைக்கிற கட்டை எங்கே என்று மேனேஜரிடம் கேட்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் அதற்கப்புறம் என்னைக் கூப்பிடவில்லை. டாக்டரம்மா என்னை நிறுத்தவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். தொட்டி ரிப்போர்ட்டில் இனி என் கையெழுத்துக்குக் கீழே சைனம்புவின் கையெழுத்தும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது செல்லாது என்றார்.

அடுத்த சனிக்கிழமை போனேன். உங்களிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது? மில்களில் பல வருஷம் ஊறிய பழக்கம். பெஞ்சில் உட்கார்ந்து டீயைக் குடித்துக்கொண்டே ரிப்போர்ட்டின் எல்லாக் கட்டத்தையும் நிரப்பி, கையெழுத்துப் போட்டு, சைனம்பு அக்காவிடம் நீட்டினேன். அவர் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு வாங்கினார். ஐந்தாவது வரை படித்தவர். ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்து, உதட்டை அசைத்து வாசித்தார். பத்து நிமிஷத்துக்கு மேலே ஆயிற்று. எனக்கு அடுத்து ஒரு மில்லுக்குப் போக வேண்டியிருந்தது. காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

விரல் ஒரு வரியில் நின்றது.

“தம்பி, வடிகட்டிப் பெட்டி திறந்து பார்க்கப்பட்டது, நல்ல நிலையில் உள்ளதுன்னு போட்டிருக்கீக.”

“ஆமாக்கா.”

“வந்ததுல இருந்து இந்த பெஞ்சுலதான இருக்கீக. எப்பத் தெறந்து பார்த்தீக?”

அவர் முகத்தில் கோபம் இல்லை. லேசாகச் சிரிப்புகூட இருந்தது. ஆனால் பேனாவைக் கையில் வாங்கவில்லை. நான் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்தேன். பார்த்து முடிக்கிற வரைக்கும் அவர் பக்கத்திலேயே நின்றார்.